பெற்றோருக்குக் கடிதம்: பருவ நிறைவும் புத்தக நாளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, கட்டுரைப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டை வெள்ளிக்கிழமை வரும்.

அப்புறம், புத்தக நாள். மாயாஜாலக் கதைப் பாத்திரங்களாக வேடமிட்டு வரச் சொல்லியிருந்தோம். பலர் கடையில் வாங்கிய பளபளக்கும் அங்கியில் ராஜாவாக வந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. இடைவேளையில் ஆறாம் வகுப்பு வராந்தாவில் நான் பார்த்தது அழகாக இல்லை. வேடம் வாங்க முடியாதவர்களை 'வேலைக்காரர்கள்' என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு சிறுவன், ராஜாவின் அங்கி தரையில் படாமல் நுனியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். அவன் ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து, நூலால் கட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தார்களாம்.

"கதையில அப்படித்தானே சார் இருக்கும்?" என்றான் ராஜா.

இருக்காது. டோல்கியனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் கடைசிப் பாகத்தில் (1955), ராஜாவாகப் போகும் அரகோர்ன் முடிசூடுவதற்கு முன்பே நகருக்குள் வருகிறான், காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க. எங்கள் வீட்டாரையும் பாருங்கள் என்று ஊரார் வாசலில் வந்து கெஞ்ச, இரவு வெகுநேரம் பார்க்கிறான். மாயாஜாலக் கதை எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் 1993ஆம் ஆண்டு நாவலான 'மென் அட் ஆர்ம்ஸ்'-இல் ஒரு காவல் அதிகாரி கணக்குப் போடுகிறான்: 50 டாலர் பூட்ஸ் பல வருடம் உழைக்கும், 10 டாலர் பூட்ஸ் சீக்கிரமே ஒழுகும். மொத்தமாக 50 டாலர் கொடுக்க வழியில்லாதவன் பத்து வருடத்தில் 100 டாலர் செலவழித்திருப்பான், கால் மட்டும் ஈரமாகவே இருக்கும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். யார் ஷூவையும் நான் சுட்டவில்லை. ராஜாதான் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

"சும்மா விளையாட்டுதானே" என்று சில பெற்றோர் போனில் சொன்னார்கள். அங்கியைத் தூக்கியவனுக்கு அது விளையாட்டு இல்லை. இன்னொரு முறை நடந்தால் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவேன், அதில் சலுகை கிடையாது.

தவறு எங்களிடமும் உண்டு. வேடம் என்றால் செலவு என்பது எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த முறை கடை உடை வேண்டாம். பழைய துணியும் அட்டையும் வைத்து வகுப்பிலேயே செய்வோம். யார் ராஜா என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குள் பெயர் சொல்லாமல் துணிகள் அடங்கிய பைகளை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போன பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. எல்லாம் நூலக அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்