தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டுத் தேர்வை ஒட்டிச் சில செய்திகள்

மதிப்பிற்குரிய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டனர். அரையாண்டுத் தேர்வும் நெருங்கிவிட்டது. இப்பருவத்தில் விளையாட்டு, கலைத் திருவிழா, அறிவியல் கண்காட்சி ஆகியவற்றில் பரிசு பெற்ற மாணவர்களுக்குப் பாராட்டுகள். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது.

சென்ற மாதம் நாகர்கோவிலில் நடந்த மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அது குறித்த பேச்சு இன்னும் அடங்கவில்லை.

நம் எட்டாம் வகுப்பு அணியின் ரோபோ சிவப்புக் கட்டையைக் கட்டத்தில் சேர்த்துவிட்டுப் பின்வாங்கியபோது கட்டை சற்றே திரும்பி, அதன் ஒரு மூலை எல்லையாக ஒட்டியிருந்த கருப்பு இன்சுலேஷன் டேப்பின் மேல் நின்றுவிட்டது. ‘கட்டை முழுவதும் கட்டத்திற்குள் இருக்க வேண்டும்’ என்பதே விதி. டேப் கட்டத்தைச் சேர்ந்ததா இல்லையா என்று விதிநூலில் ஒரு சொல்லும் இல்லை. நடுவர் மதிப்பெண் தரவில்லை.

விதி தெளிவாக இல்லை என்று தாங்கள் கூறுவதை நான் மறுக்கவில்லை. வாலிபாலில் கோட்டைத் தொட்ட பந்து உள்ளே விழுந்ததாகவே கொள்ளப்படும். கால்பந்திலோ பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் கோல். ரோபோ போட்டிகளிலும் இப்படியே விதி போட்டிக்குப் போட்டி மாறும். பன்னாட்டு மாணவர் போட்டியான உலக ரோபோ ஒலிம்பியாடின் விதிநூல், ‘முழுவதும்’ என்றால் கட்டை போன்ற பொருள் அந்தப் பரப்பை மட்டுமே தொட வேண்டும், கருப்புக் கோடு அதில் சேராது என்று எழுதியே வைத்திருக்கிறது. இன்னொரு பன்னாட்டு மாணவர் போட்டியான ஃபர்ஸ்ட் லெகோ லீகிலோ, நூலிழையில் நிற்கும் முடிவுகளில் சந்தேகத்தின் பலன் அணிக்கே தரப்படும். சென்ற ஆண்டு லெகோ லீக் விதிகளை வைத்துப் பழகிய நம் பிள்ளைகள் அதே நினைப்பில் இந்தப் போட்டிக்கும் சென்றுவிட்டனர்.

ஆனால் விதியில் தெளிவில்லை என்பது வேறு. அன்று நடந்தது வேறு. கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் பெற்றோர் சிலர் போட்டி மேசைக்கே சென்றதும், நடுவராக நின்ற கல்லூரி மாணவியிடம் அலைபேசிப் படத்தைக் காட்டிக் குரலை உயர்த்தியதும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கன அல்ல. (அந்தப் படத்தை நானும் பார்த்தேன், சாய்வாக எடுத்ததால் கட்டை உள்ளே இருப்பதாகவும் சொல்லலாம், வெளியே இருப்பதாகவும் சொல்லலாம்.) வாக்குவாதம் நீண்ட அந்த நேரம், அடுத்த சுற்றுக்கு முன் ரோபோவின் பிடியைச் சரிசெய்யப் பிள்ளைகளுக்குத் தரப்பட்ட நேரம். அவர்கள் அதைச் செய்யாமல், கேபிளைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாகத் தலைகுனிந்து நின்றனர். இனி கயிற்றைத் தாண்டும் பெற்றோர் எவரும் பள்ளி அணியுடன் வர அனுமதிக்கப்பட மாட்டார்கள்.

பள்ளியின் தவறையும் மறைக்க விரும்பவில்லை. விதிநூல் மூன்று வாரங்களுக்கு முன்பே நம் கைக்கு வந்திருந்தது. ஐயங்களை மின்னஞ்சலில் கேட்க நாளும் குறித்திருந்தனர். நாம் ஒரு கேள்வியும் அனுப்பவில்லை. அதற்கு நானே பொறுப்பு. இனி மாணவர்களே விதிநூலை உரக்க வாசித்து, ‘முழுவதும்’, ‘தொடுதல்’, ‘தொடக்கத்தில்’ போன்ற சொற்களைக் கோடிட்டு, கேள்வியாக எழுதி அனுப்புவார்கள். வரும் பதிலை அச்சிட்டுக் கையோடு கொண்டுசெல்வார்கள். 25 செ.மீ. அளவுக்குள் ரோபோ இருக்க வேண்டும் என்றால் தொங்கும் கேபிளும் அதில் சேருமா என்பதுகூட முன்னரே கேட்க வேண்டியதுதான். போட்டிக் களத்தில், மதிப்பெண் தாளில் கையெழுத்திடும் முன், அணித் தலைவராக உள்ள மாணவர் மட்டுமே நடுவரிடம் பேசுவார்.

அன்று வருத்தப்பட்ட எவரும் தம் பிள்ளையின் உழைப்பை நினைத்தே வருத்தப்பட்டார்கள் என்பதை அறிவேன். மறுநாளே பள்ளிக்கு வந்து மனம்விட்டுப் பேசிய இருவருக்கு நன்றி. கொட்டும் மழையில் குலசேகரத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துவந்தவர்களுக்கும், ரப்பர் மரப் பலகையில் பயிற்சி மேசை செய்து தந்தவருக்கும் பள்ளி கடமைப்பட்டுள்ளது. தேர்வு முடியும் நாளன்று பிற்பகல் 3 மணிக்கு அந்த மேசையைச் சுற்றி அணியினர் அடுத்த போட்டியின் விதிநூலை வாசிக்க இருக்கிறார்கள். இயன்றவர்கள் வந்து அமர்ந்து கேட்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்