வழக்கில் கூட நின்ற எல்லோருக்கும்

அன்பு உறவுகளே,

கனடாவின் பெடரல் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. நாடுகடத்தலுக்கு முந்திய ஆபத்து மதிப்பீட்டில், அதாவது திருப்பி அனுப்பினால் எனக்கு ஆபத்து உண்டா என்று பார்க்கும் மதிப்பீட்டில், என் மனுவை நிராகரித்த முடிவு ரத்து. வேறொரு அதிகாரி அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். "கேஸ் வெண்டிட்டீர், இனிப் பயமில்லை" என்று ரெலிபோன் எடுத்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு விளக்கம்: நீதிமன்றம் எனக்குப் பாதுகாப்புத் தரவில்லை. பழைய முடிவு நியாயமானதா என்று பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆனாலும் இந்த மடலைக் கனடாவில் இருந்தே எழுதுகிறேன். அதற்குக் காரணமானவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

முதலில் வழக்கறிஞர் அக்கா. நிராகரிப்புக் கிடைத்தால் 15 நாட்களுக்குள், அந்த முடிவை நீதிமன்றம் பார்க்க அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். போட்டாலும் நாடுகடத்தும் விமானம் நிற்காது, அதற்குத் தடையுத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். எனக்கு அது கிடைத்தது, பறக்கவிருந்த நாளுக்கு முதல்நாள் பின்னேரம். சூட்கேசை நிறுத்துப் பூட்டி வைத்திருந்தேன்.

வழக்கின் உயிர் அம்மாவின் சத்தியக் கடதாசி. தாய்க்கு மகன் வழக்கில் அக்கறை இருக்கும், ஆகவே இது போதிய ஆதாரமில்லை என்று அதிகாரி ஒதுக்கியிருந்தார். அக்கா அந்த வரியை விடவில்லை. "போதாது எண்டு எழுதினாலும் அவர் சொல்லுறது நம்பேல்லை எண்டதுதான். நம்பாட்டி உம்மைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேணும்" என்றார். நம்பகத்தன்மைதான் கேள்வி என்றால் அகதியை நேரில் விசாரிக்க வேண்டும் என்று 1985இல் சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று வழக்காடியவர்களை எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் நன்றி.

மொழிபெயர்த்துத் தந்த அன்ரிக்குத்தான் பெரிய கடன். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் படலையால் வரவில்லை, வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்கள் என்று அம்மா எழுதியிருந்தா. முதல் மொழிபெயர்ப்பில் "வீட்டுக்கு வந்தனர்" என்று மட்டுமே இருந்தது. அன்ரி விடவில்லை. வட்ஸ்அப்பில் அம்மாவைப் பிடித்து, கிடுகு வேலியா தகர வேலியா, எந்தப் பக்கம், நாய் குரைத்ததா என்றெல்லாம் கேட்டுத் திருத்தினார். அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சட்ட உதவித் திட்டமான லீகல் எயிட் வழக்குச் செலவை ஏற்றது. வேலைத்தல முதலாளி நீதிமன்றம் போக லீவு தந்து, அதற்குச் சம்பளமும் வெட்டவில்லை. அறைத் தோழர்கள் வாடகைக் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்றார்கள், இன்னும் பார்க்கவில்லை. அரச தரப்பு வழக்கறிஞரும் என்னைப் பற்றி ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

புது அதிகாரிக்கு அனுப்பப் புதிய கடிதங்கள் சேர்க்கிறோம். ஊர்ச் சங்கத்தில் தருவதாகச் சொன்னவர்கள் திகதி போட்டு, கையெழுத்து வைத்து, அடையாள அட்டைப் பிரதியோடு இந்த மாதத்துக்குள் அக்காவின் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊர்ப் பெடியன்