சின்னவனின் வேலை பற்றி, டர்பனிலிருந்து

டர்பன், தென்னாப்பிரிக்கா,
புரட்டாசி மூன்றாம் சனி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. சின்னவனுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. பிறகு, யோசிக்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று தோன்றியது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. ஆனாலும் புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடமாட்டார்; சனிக்கிழமைதோறும் எங்களுக்கும் சர்க்கரைப் பொங்கல் வந்துவிடும். அதனால் சாப்பாட்டுக்கும் கோயிலுக்கும் அவனுக்குக் குறை இருக்காது. என் கவலையெல்லாம் விசாவைப் பற்றித்தான்.

"கம்பெனியே விசா எடுத்துத் தருகிறது, நமக்கு அலைச்சல் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'ஜெனரல் ஒர்க் விசா' எனப்படும் இந்தப் பொதுப் பணி விசா அந்த ஒரு நிறுவனத்தில், அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் செல்லும். அதிகபட்சம் 5 ஆண்டு. நடுவில் இதைவிட நல்ல இடம் அமைந்தால் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட முடியாது. புதிய நிறுவனத்தின் பெயரில் மறுபடி விண்ணப்பித்து, விசா கைக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வேலை விசாவுக்கு 2024 அக்டோபரிலிருந்து மதிப்பெண் முறை வந்திருக்கிறது. 100 எடுத்தாக வேண்டும். அரசு வெளியிடும் அரிய திறன்கள் பட்டியலில் அவன் வேலை இருந்தால் அதற்கே 100 கிடைத்துவிடும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.இ. பட்டத்துக்கு 30, ஆறு வருட அனுபவத்துக்கு 20, ஆங்கிலத்துக்கு 10. சம்பளம் ஆண்டுக்கு 6,50,976 ராண்டுக்கும் 9,76,194 ராண்டுக்கும் நடுவில் இருந்தால் 20. ஆக 80. உள்துறை 'நம்பகமான முதலாளி' என்று ஏற்றுக்கொண்ட நிறுவனமாக இருந்தால் இன்னும் 30 சேர்ந்து 110 ஆகும்; இல்லையென்றால் 80-லேயே நின்றுவிடுவான். அதே படிப்பு, அதே உழைப்பு; ஆனால் நிறுவனம் எது என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. அதை முதலில் கேட்கச் சொல். ஓராண்டோ அதற்கு மேலோ வசித்த நாடுகளின் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். துபாயில் இரண்டு வருடம் இருந்தானே, அங்கேயும் வாங்க வேண்டியிருக்கலாம்.

நான் பட்டதை உனக்கு இதுவரை எழுதியதில்லை. விசாவைப் புதுப்பிக்க, அது முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், கையெழுத்துக்காக மேலாளரிடம் விசாக் காகிதங்கள் இருந்த நீலக் கோப்பு ஒன்றைக் கொடுத்திருந்தேன். தினமும் காலையில் அவர் அறையைக் கடக்கும்போது எட்டிப் பார்ப்பேன். மேசையின் இடது ஓரத்தில் அப்படியே கிடக்கும். ஒரு நாள் அதன் மேல் தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை காய்ந்திருந்தது. அந்த மாதம்தான் சம்பள உயர்வு கேட்டிருந்தேன். 60 நாள் கெடு நெருங்கியதும், கேட்டதை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். மறுநாள் கையெழுத்தாகிக் கோப்பு வந்தது. அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு அதை நினைத்தால் பாலசுந்தரம் கண்முன் வந்துவிடுகிறார். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து 342 பேர் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களும் ஒப்பந்தத்தின் பேரில் வந்த தொழிலாளிகள்தான். அவர்களைப் பின்தொடர்ந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளிகளில் ஒருவர் பாலசுந்தரம். 1894-இல், முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைத்துணியைக் கையில் பிடித்தபடி காந்தியின் முன் வந்து நின்று அழுதார். முதலாளியை விட்டுப் போனால் சிறை என்பது அன்றைய சட்டம். காந்தியால் அவருக்குச் செய்ய முடிந்தது, ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்ததுதான். சின்னவனை யாரும் அடிக்கப் போவதில்லை. இரண்டும் ஒன்று என்று சொன்னால் அந்த மனிதர்கள் பட்ட பாட்டைச் சிறுமைப்படுத்தியதாகும். ஆனால் ஒருவன் ஒரு நாட்டில் இருப்பதற்கான அனுமதி இன்னொருவனுடைய மேசையில் கிடப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

மருமகள் பள்ளியில் பாடம் நடத்துகிறாள் அல்லவா? கணவனோடு துணையாக வருகிற விசாவில் அவள் இங்கே வேலை பார்க்க முடியாது. அதற்குத் தனியாக விசா எடுக்க வேண்டும். இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு தெரிந்தால் உடைந்துபோவாள்.

வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் என் குடும்பமும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம். விசாச் செலவு யாருடையது, திரும்பி வரும் டிக்கெட் யார் தருவது, புதுப்பிக்கும் கடிதத்தை எத்தனை நாள் முன்பு தருவார்கள் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்கச் சொல். வாய்ச்சொல்லை நம்பி ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடப் போகிறான்.

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

நிறுவனத்தின் பெயரை உடனே எழுதி அனுப்பு. வருகிற வாரம் எனக்கு ஒரு நாள் விடுப்பு இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருகிறவர்களில் நம் ஊர்க்காரர் யாராவது இருப்பார்கள். நானே நேரில் போய் விசாரித்து எழுதுகிறேன்.

என்றும் உன்,
பழைய அறைத் தோழன்