அட்கின்சன் சகோதரர்களைத் தேடிப் போன கதை

திருகோணமலை
ஆடி 12

அன்பின் மச்சான்,

உன் மருமகன் நாளை மறுநாள் விமானம் ஏறுகிறான். "மாமாவுக்கு ஏதாவது கொடுத்துவிட இருக்கிறதா?" என்று வந்து கேட்டான். கருவாடும் பனங்கட்டியும் உன் அக்கா ஏற்கெனவே கட்டிக் கொடுத்துவிட்டா. என்னிடம் மிச்சம் இருந்தது எட்டு மாதக் கடிதக் கடன்தான். நீ அனுப்பும் காலை வணக்கப் பூக்களுக்கு நான் வட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பிய கும்பிடுகளை நீ பதிலாகக் கணக்கெடுக்க மாட்டாய் என்று தெரியும். ஆகவே இது. கொஞ்சம் நீளும். கனடாவில், உன் ஸ்காபரோவில் பனி கொட்டத் தொடங்கும் வரை வைத்திருந்து வாசித்தாலும் சரிதான்.

வீட்டில் எல்லோரும் சுகம். இவளுக்கு முழங்கால் நோ, எனக்கு அதைப் பற்றிக் கேட்கும் நோ. மகள் கொழும்பிலேயே. கச்சான் காற்று இந்த முறை கிணற்றை அடிவரை காயவைத்துவிட்டது. செய்தி முடிந்தது.

என் கால் முறிந்த கதை உனக்கு வந்திருக்கும். நம் கூட்டாளி கத்தரிக்காய் சொன்னபடி வந்திருந்தால் அதில் ஒரு லொறியும் இரண்டு பொலிஸ்காரரும் இருப்பார்கள். நடந்தது இதுதான்: பங்குனியில் ஒரு பின்னேரம் சைக்கிளில் மைதானத்துப் பக்கமாக வந்தேன். ஒரு மான் குறுக்கே வந்தது. நான் அதற்கு வழி விட்டேன், வாய்க்கால் எனக்கு விடவில்லை. மான் சுகம். மகளின் கொழும்புச் சிநேகிதிகளுக்கு, பட்டணத்துக்குள் மான் திரியும் ஊர் ஒன்று இருக்கிறது என்பதே நம்பமுடியவில்லை.

ஆறு கிழமை காலில் பிளாஸ்டர். முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்று மகள் ஒரு தடித்த புத்தகம் வாங்கி அனுப்பினாள். ஷெர்லக் ஹோம்ஸ் முழுவதும்: 4 நாவல், 56 சிறுகதை. பள்ளிக்கூடத்தில் சுருக்கி வைத்ததை வாசித்தோமே, அதோடு எனக்கு ஹோம்ஸ் முடிந்துவிட்டார் என்று இருந்தேன். இரண்டாம் கிழமை, 1891-இல் வந்த முதல் சிறுகதையைத் தொடங்கினேன். மச்சான், முதல் பக்கத்திலேயே எழும்பி உட்கார்ந்துவிட்டேன். கால் உயிர் போனது.

வாட்சன் கலியாணம் கட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். கூட்டாளியைக் கண்டு நாளாயிற்று. ஆனால் அவருடைய சங்கதிகள் அரைகுறையாகக் காதில் விழுகின்றன என்று வரிசையாகச் சொல்கிறார். ஒடெசாவில் ஒரு கொலை வழக்கு. கடைசியில் ஒல்லாந்து அரச குடும்பத்துக்குச் செய்து கொடுத்த ஒரு காரியம். இரண்டுக்கும் நடுவில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் தெளிவுபடுத்தினாராம். எங்கள் திருகோணமலை! அரை வசனம். அதோடு சரி. யார் அந்தச் சகோதரர்கள், என்ன துயரம், எப்படித் தெளிந்தது, ஒன்றும் இல்லை. 60 கதையையும் முடித்துவிட்டேன், மனுசன் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

இதைக் கத்தரிக்காய்க்குச் சொன்னது என் பிழை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு விசாரணை. ஹோம்ஸ் இங்கே வந்தாரா, இல்லை லண்டனில் கதிரையில் இருந்தபடியே முடித்தாரா? வாட்சன் வசனத்தை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். கதை நடப்பது 1888 பங்குனியில். சுயஸ் கால்வாய் 1869-லேயே திறந்தாயிற்று, ஆகவே கொழும்பு வரை கப்பலில் வந்துவிடலாம். அதற்குப் பிறகுதான் கஷ்டம். ரயில் அப்போது மாத்தளை வரைதான், நம்மூருக்கு அது வந்தது 1920-களில். "மாத்தளையிலிருந்து மாட்டுவண்டி," என்றான் கத்தரிக்காய். ஹோம்ஸ் மாட்டுவண்டியில் இருந்துகொண்டு, வண்டிக்காரனின் பெருவிரல் காய்ப்பைப் பார்த்து அவன் மாமியார் ஊரைச் சொல்லியிருப்பாராம். கடற்படைத் தளம் இருந்த துறைமுகம், வெள்ளைக்காரக் கப்பலிலேயே வந்திருக்கலாம் என்றேன் நான். இரண்டு கிழவர்கள் இல்லாத ஒரு மனிதனுக்குப் பிரயாணச் சீட்டுப் போடுகிறோம். இவள் வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

பிளாஸ்டர் வெட்டிய மூன்றாம் நாள், ஊன்றுகோலோடு நேரே டொக்யார்ட் வீதியில் உள்ள வெள்ளைக்காரரின் பழைய சேமக்காலைக்குப் போனேன். சிரிக்காதே. அட்கின்சன் என்று ஒரு கல்லாவது இருக்காதா என்றுதான். பாதிக் கல்லில் எழுத்து உப்புக்காற்றில் கரைந்துவிட்டது. ஒரு மணித்தியாலம் தடவித் தடவிப் பார்த்தேன். அட்கின்சன் இல்லை. அகப்பட்டவர் வேறொரு சகோதரர்: ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின். நாவல் எழுதிய ஜேன் ஒஸ்ரினின் கடைசித் தம்பி. 1852-இல் பர்மா யுத்தத்தில் கொலராவில் செத்தவரைக் கொண்டுவந்து இங்கே புதைத்திருக்கிறார்கள். அக்கா எழுதினதெல்லாம் கலியாணக் கதை, தம்பி கிடப்பது நம் மைதானத்தோரம். நாம் எத்தனை வருடம் அந்த மதிலில் குந்தி இருந்து கிரிக்கெட் பார்த்திருப்போம்! ஒருதரமாவது உள்ளே எட்டிப் பார்த்தோமா?

அதே முதல் கதையில்தான் அந்தப் படிக்கட்டுப் பேச்சும் வருகிறது. நூற்றுக்கணக்கான தரம் ஏறி இறங்கிய படி, எத்தனை படி என்று கேட்க வாட்சனுக்குத் தெரியாது. ஹோம்ஸுக்குத் தெரியும், 17.

நீ சொல்லுவாய், இந்த வயதில் இது என்ன பைத்தியம் என்று. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. துப்பு ஒன்றும் அப்படி உசத்தியில்லை, மச்சான். ஒரு கதையில் பாம்பு பால் குடிக்கிறது, விசில் அடித்தால் மணிக் கயிற்றில் ஏறித் திரும்பி வருகிறது. புற்றுக்குப் பால் ஊற்றும் நாம் அதைப் பழிக்க முடியாதுதான், இருந்தாலும் விசில்? வாட்சனுக்கு யுத்தத்தில் பட்ட குண்டு முதல் நாவலில் தோளில் இருக்கிறது, இரண்டாவதில் காலுக்கு இறங்கிவிடுகிறது. ஜோன் வாட்சனை ஒரு கதையில் அவர் மனைவியே ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறாள். எழுதியவருக்கே அலுத்துப்போய் 1893-இல் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டார். சனம் விடவில்லை, 1903-இல் உயிரோடு கூட்டிவர வேண்டியதாயிற்று. பிழை பார்க்கிறவன் ஒரு கதையோடு நிறுத்திவிடுவான். தொடராக வாசிக்கிறவனுக்கு அந்தப் பிழைகூட வீட்டு ஆளின் குறட்டை மாதிரி, இல்லாவிட்டால் நித்திரை வராது. அதே அறை, அதே இரண்டு பேர், வெளியே மூடுபனி, படியில் யாரோ ஏறி வரும் சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் காத்திருந்தேன், கொலைகாரனுக்கு அல்ல.

நாம் மட்டும் என்ன செய்தோம்? மூலைக்கடை ஐயாவிடம் நாளுக்கு ஐம்பது சதம் கொடுத்துத் தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலை எடுத்தது வழக்குக்காகவா? அவர் தேநீர் குடித்துவிட்டு யோசிப்பதைப் பார்க்கத்தானே. அவருடைய உதவியாள் கத்தரிக்காயின் பெயர்தானே இன்றைக்கு ஐந்து பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கும் ஒட்டிக் கிடக்கிறது! பரத்-சுசீலா வந்த பிறகு நீ சுசீலாவின் டீ-சேர்ட் வாசகங்களைக் கொப்பியில் எழுதி வைத்தாய், மறுக்காதே. கணேஷையும் வசந்தையும் துப்பறிவாளர் என்றால் நீ "வக்கீல்கள்!" என்று சண்டைக்கு வருவாய். சின்னவனுக்கு மட்டும் தேவனின் சாம்பு. ஒன்றும் விளங்காத ஒரு மனிதன் இடறி விழுந்தே கள்ளனைப் பிடிக்கிறானே, அதுதான் நடக்கக்கூடியது என்பான்.

சின்னவனைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

கட்டிலில் கிடந்து வாசிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்ப உறுத்தியது. ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் பதறிக்கொண்டு வருகிறார். ஹோம்ஸ் அவரை நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறார். ஒன்றும் விடாமல் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். சில கதையில் பாதிப் பக்கம் அந்தக் கேட்பதிலேயே போகிறது. அவரிடம் சீருடை இல்லை, படிவம் இல்லை. ஒரு கதையில் நீல மாணிக்கம் திருடியவன் அழுகிற அழுகையைப் பார்த்து, போய்விடு என்று கதவைத் திறந்தும் விடுகிறார். நமக்குத் தெரிந்த விசாரணை எது? சீருடை கேட்டது, நாம் பதில் சொன்னோம். அல்லது நாம் போய் வரிசையில் நின்று சொன்னோம், அவர்கள் எழுதினார்கள். சின்னவனின் அம்மா, நம் மாமி, காணாமல் போன அவனுக்காக எத்தனை ஆணைக்குழுவுக்கு முன்னால் போய் நின்றா என்று உனக்குத் தெரியும், நீ போன பிறகும் போனா. பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். அவ்வளவுக்குத்தான் கோடு போட்டிருக்கும்.

அதைவிட மோசம் நான். ஒரே ஊரில் முப்பத்தைந்து வருடம் இருக்கிறேன். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்ப் பலகாரம் தின்றுவிட்டு வருகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருதரம் அவவை உட்காரவைத்துக் கேட்டிருப்பேனா? தெரிந்த கதைதானே என்று இருந்துவிட்டேன். 90 ஆடி, காலை, சைக்கிள், சோதனைச்சாவடி, அதற்குப் பிறகு இல்லை.

போன மாதம் போனேன். மாமிக்கு இப்போது எண்பத்து மூன்று. ஒரு கண் முற்றாகப் போய்விட்டது, மற்றதில் புகை. விறாந்தையில் அந்தப் பழைய சாய்வு கதிரையை எனக்குப் போட்டா. "மாமி, அன்றைக்கு விடிந்ததிலிருந்து சொல்லுங்கோ," என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தொடங்கினா. இடியப்பமும் சொதியும். ஏழு வைத்தாவாம், இரண்டை மிச்சம் விட்டான். நீலக் கோடு போட்ட சேர்ட், மேலே இரண்டாவது பொத்தான் இல்லை, தைக்கத் தா என்று கேட்டதற்கு வந்து தாறேன் என்றான். சைக்கிள் பின் சில்லுக்குக் காற்றுப் போதாது, பக்கத்து வீட்டில் பம்ப் வாங்கி அடித்தான். படலையைச் சாத்தாமல் போனான், பின்னால் போய்ச் சாத்தினா. இரண்டு மணித்தியாலம். அழவில்லை. நான்தான் இடைக்கிடை கோணமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை, மச்சான். நான் யார் கண்டுபிடிக்க? முடிந்ததும், "இவ்வளவையும் ஒருத்தரும் கேட்டதில்லை," என்றா. பிறகு பிளேன்டீ போட உள்ளே போனா.

திரும்பி வரும்போது கையில் ஒரு புத்தகம். அன்றைக்கு அவன் தலைமாட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனது. சங்கர்லாலைப் பார்த்து எழுதிய எத்தனையோ கதைகளில் ஒன்று. அட்டையும் முதல் இரண்டு தாளும் இல்லை, பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. மூலைக்கடை ஐயாவின் சீல் மட்டும் இருக்கிறது. அவன் விட்ட பக்கத்தில் ஓலைத் துண்டு ஒன்று அப்படியே. "இதில் ஆர் கொலைகாரன் எண்டு அவனுக்குத் தெரியாமப் போச்சு. எனக்கு வாசிக்கவும் ஏலாது," என்றா.

இப்போது சனிக்கிழமை பின்னேரம் நான் வாசிக்கிறேன், மாமி கேட்கிறா. அவன் விட்ட இடத்திலிருந்து வேண்டாம், முதலிலிருந்து வாசி என்றா. இரண்டு அத்தியாயத்துக்கு மேல் விடமாட்டா, அடுத்த கிழமைக்கு வேண்டுமாம். பெரிய ஆள், மச்சான். மூன்றாம் அத்தியாயத்திலேயே, "அந்தக் கார்க்காரன் மழை எண்டு சொன்னானே, செருப்பு ஏன் காய்ஞ்சு கிடந்தது?" என்று பிடித்துவிட்டா. நான் அதைக் கவனிக்கவே இல்லை. கதை எழுதியவரும் கவனித்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி உன் விசயம். ஐந்தாம் பக்கம். ஆம், ஐந்தாம் பக்கம்! ஓரத்தில், பென்சிலில், "கொலைகாரன்: கணக்கப்பிள்ளை." நாற்பது வருடமாகப் பென்சில்காரன் யார் என்று தேடினோம். ஐயா அந்தப் பழிக்குக் கத்தரிக்காயை ஒரு மாதம் கடைக்குள் விடவில்லை; நீ பக்கத்தில் நின்று "அவன்தான் ஐயா" என்று தலையாட்டினாய். ஆனால் மச்சான், இந்த ஊரில் ணகரத்துக்கு ஒரு சுழி கூடப் போடுகிறவன் ஒருத்தன்தான். அவன் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறான். நேற்று எழுத்தைப் படம் பிடித்துக் கத்தரிக்காய்க்குக் காட்டிவிட்டேன். அவன் உனக்குத் தனியாக எழுதுவான், தடித்த கடிதமாக இருக்கும்.

மாமிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஐந்தாம் பக்கத்தை வாசிக்கும்போது ஓரத்தைக் கையால் மூடிக்கொண்டேன், கண் தெரியாதவவுக்கு எதற்கு மூடினேன் என்று தெரியாது. ஆனால் பென்சில்காரன் சில புத்தகத்தில் வேண்டுமென்றே பொய்ப் பெயரும் எழுதுவானே, அதுதான் என்னைப் போட்டு உருட்டுகிறது. மாமி கார்க்காரன் என்கிறா, நீ கணக்கப்பிள்ளை என்கிறாய்.

பதில் போடும்போது அதை மட்டும் எழுதிவிடாதே. இன்னும் நாலு அத்தியாயம் கிடக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்