அந்த முகத்தைத் துடைக்காதீர்கள்: பொம்மை சேகரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேகரிப்பாளர்களே, பழைய பொம்மை வாங்கி விற்கும் நண்பர்களே,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே இங்கிலாந்தில் ஒரு கார் பூட் சேலில் (காரின் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை), வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றின் அடியில் எனக்கு ஒரு சிண்டி பொம்மை கிடைத்தாள். உடம்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1989-ல் புதிதாக வார்த்த சிண்டி. ஏழெட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த பொம்மை. கை நடுங்கத்தான் திருப்பிப் பார்த்தேன். நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் போட்டுக் கண், புருவம், உதடு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேலே வேறொரு முகம் வரைந்திருந்தார்கள். வரைந்தவருக்கு நல்ல கை. ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். பெடிகிரீ நிறுவனம் 1963-ல் பிரிட்டனில் கொண்டுவந்த சிண்டி, பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருப்பாள். உருண்டை முகம், கொஞ்சம் பெரிய தலை, ஜீன்ஸ், கோடு போட்ட மேல்சட்டை. 1968-லும் 1970-லும் அந்த நாட்டில் அதிகம் விற்ற பொம்மை அவள்தான். 1986-ல் உரிமை ஹாஸ்ப்ரோ கைக்குப் போனது. 1989-ல் அவளை மெலிய வைத்து, அமெரிக்கச் சாயலில் முகத்தை மாற்றினார்கள். அது பார்பியின் சாயல் என்று பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் வழக்குப் போட்டது. 1992-ல் சமரசம், சிண்டியின் முகத்தைத் திருத்தி வார்க்க ஹாஸ்ப்ரோ ஒத்துக்கொண்டது. ஆக, வழக்குக்குக் காரணமான அந்த முகத்துக்கு ஆயுள் மூன்றே வருஷம்தான். வழக்கே முகத்தைப் பற்றியது. அந்த முகத்தைத் துடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் உடம்பு.

"பார்பி மாதிரியே இருந்ததாம், அதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு லில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியின் பில்ட் பத்திரிகையில் ஓவியர் ராய்ன்ஹார்ட் பாய்த்தீன் வரைந்த கேலிச்சித்திரப் பெண் லில்லி. 1955-ல் பொம்மையாகக் கடைக்கு வந்தாள். மேட்டலின் ரூத் ஹேண்ட்லர் சுவிட்சர்லாந்துக்குப் போயிருந்தபோது அவளைப் பார்த்து வாங்கிப் போனார். 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைச் சந்தையில் பார்பி அறிமுகமானாள். இருவரையும் பக்கத்தில் வைத்தால் ஓரக்கண் பார்வை, குதிரைவால் கொண்டை, வளைந்த புருவம் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். லில்லியின் உரிமம் பெற்றிருந்த மார்க்ஸ் நிறுவனம் 1961-ல் மேட்டல் மீது வழக்குப் போட்டது. 1963-ல் அதுவும் சமரசத்தில் முடிந்தது. மறு வருஷம் லில்லியின் உரிமைகளை மேட்டல் 21,600 டாலருக்கு வாங்கியது. அதோடு லில்லி தயாரிப்பு நின்றுபோனது. முதலில் பிறந்தவள் கடையை விட்டுப் போனாள், சாயலில் வந்தவள் உலகம் முழுக்கப் போனாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இருவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் காலைப் பாருங்கள். லில்லிக்குத் தனிச் செருப்பு கிடையாது. காலோடு சேர்த்தே வார்த்து, மேலே கறுப்புப் பூசியிருப்பார்கள். முதல் வருஷப் பார்பியின் பாதத்தில் ஸ்டாண்டில் நிறுத்துவதற்காகத் துளை இருக்கும். துளைக்குள் செப்புக் குழாய். இதை நான் எந்தப் படத்திலிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு பொம்மைகளையும் யாரோ துடைக்காமல், கழற்றாமல், அறுபது வருஷம் வைத்திருந்து கையில் கொடுத்ததால் தெரிந்துகொண்டேன்.

சாயல் என்பது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கத்தின் ராக்கெட்ஸ் நடனப் பெண்கள் பெயரில் வந்த ஒரு பொம்மையின் முகம் பற்றி மேட்டல் தொடுத்த வழக்கில், 2004-ல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூக்கிய மூக்கு, வில் போன்ற உதடு, அகன்று இருக்கும் கண்கள், இவற்றோடு பொம்மை செய்வது யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் மேட்டல் அவற்றைச் செதுக்கிய குறிப்பிட்ட விதத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. அப்படியென்றால் கேள்வி முழுக்க மில்லிமீட்டரில் இருக்கிறது. உதட்டோரம் எங்கே முடிகிறது, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே எவ்வளவு தூரம், இதெல்லாம் பொம்மை கையில் இருந்தால்தான் பார்க்க முடியும்.

தீர்ப்புகளும் மாறும். பார்பிக்குப் போட்டியாக வந்த பிராட்ஸ் பொம்மைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் மேட்டலில் வேலை பார்த்தவர் என்பதால் எழுந்த வழக்கில், 2008 டிசம்பரில் அவற்றைச் செய்வதையும் விற்பதையும் நிறுத்த உத்தரவு வந்தது. 2010-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2011-ல் ஜூரி, பிராட்ஸைத் தயாரித்த எம்ஜிஏ பக்கம் நின்றது.

அதனால் வியாபாரிகளே, விலை ஏறட்டும் என்று எல்லாவற்றுக்கும் "தடை செய்யப்பட்ட பொம்மை" என்று சீட்டு ஒட்டாதீர்கள். சிண்டியின் விஷயம் சமரசம். சமரசம் என்றே எழுதுங்கள். "பார்பி காப்பி" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், எந்த வருஷம், யார் செய்தது, பின்கழுத்தில் என்ன எழுத்து என்று மூன்று வரி சேர்த்தால் போதும். வாங்குகிறவர் கூடவே காசு கொடுப்பார், நானே கொடுத்திருக்கிறேன். தலை நன்றாக இருக்கிறது, உடம்பு மஞ்சளாகிவிட்டது என்று தலையை மட்டும் கழற்றி வேறு உடம்பில் மாட்டி விற்பதையும் தயவுசெய்து விடுங்கள். பத்து வருஷம் கழித்து அது எந்தப் பொம்மை என்று யாராலும் சொல்ல முடியாது.

முகம் வரையும் நண்பர்களே, உங்கள் கலை மேல் எனக்கு மரியாதை உண்டு. வரைய ஆயிரம் பொம்மைகள் கிடைக்கின்றன, நேற்று ஆலையிலிருந்து வந்தவையும் சேர்த்து. அசிட்டோனை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம், கையில் இருப்பது 1989-லிருந்து 1992 வரைக்குமான சிண்டியா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அவளாக இருந்தால் எங்களில் யாருக்காவது கொடுங்கள், பதிலுக்கு இரண்டு பொம்மை தருகிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிண்டியை இரண்டு பவுண்டு கொடுத்து வாங்கி வந்தேன். மேசை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், புதுக் கண்ணுக்கு அடியில் பழைய கண்ணின் விளிம்பு வினைலில் லேசாகத் தெரிகிறது. வெளிக்கோணம் புதுக் கண்ணை விட இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்திருக்கிறது. அளவு நாடா வைத்துப் பார்த்ததில் இடது கண் பதினோரு மில்லிமீட்டர் வருகிறது, வலது கண் சரியாகப் பிடிபடவில்லை. துடைக்காத முகத்தோடு ஒருத்தி உங்கள் அலமாரியில் இருந்தால், வலது கண்ணை அளந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு சக சேகரிப்பாளர்