வேகக் காருக்கு வேறு சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் வாங்குவோருக்காகத் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான குறிப்புகள் குடும்பக் கார்களுக்கு நன்கு பொருந்தும். வேகத்துக்காகவே வாங்கப்படும் கார்களுக்கு அவை போதா என்பதால் இதை எழுதுகிறேன்.

2017-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 காரையே எடுத்துக்கொள்வோம். அதன் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் தரும் 230 குதிரைத்திறனும் போதாமல், இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டும் ‘ரீமேப்’ செய்துகொண்டவர்கள் உண்டு. விற்கும்போது பழையபடி ‘ஸ்டாக்’ நிலைக்குத் திருப்பிவிடுவார்கள். கூடுதல் விசை தாங்கித் தேய்ந்த கிளட்ச் அப்படியே வாங்குபவர் தலையில் விழும்.

என் அண்ணன் மகனுக்காகக் கோவையில் இப்படியொரு காரைப் பார்க்கப் போனோம். வரும் நேரத்தை முன்பே சொல்லியிருந்ததாலோ என்னவோ, போய்ச் சேர்ந்தபோது பானெட் சுட்டது. சூடான இன்ஜினில் பல குறைகள் தெரியா என்பதால், மறுநாள் காலை நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். மறுநாள் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால், சுற்றிலும் தூசி படிந்திருக்க, ஏர் ஃபில்டர் பெட்டி மட்டும் பளிச்சென்று இருந்தது. அதன் திருகுகளின் தலைகளில் எல்லாம் கீறல்கள். இன்ஜினுக்குக் காற்றை உள்ளிழுக்கும் ‘இன்டேக்’ பாகத்தில் வேறொன்றைப் பொருத்திக் கழற்றியிருக்கிறார்கள் என்று உடன் வந்த மெக்கானிக் சொன்னார். இன்ஜின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டின் உறையைச் சுற்றி, கசிந்து காய்ந்த கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தது. இந்த இன்ஜினில் அந்தப் பிளாஸ்டிக் உறை கசிவது புதிதல்ல. விலையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

கியர்பாக்ஸ்தான் கவலை தந்தது. இரட்டை கிளட்ச் கொண்டு தானாகவே கியர் மாற்றும் இந்த 6 கியர் டிஎஸ்ஜி-யின் ஆயிலை 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும், 71,000 கி.மீ. ஓடிய அந்தக் காருக்கு அப்படியொரு பில்லே இல்லை. நெடுஞ்சாலையில் மிதித்துப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்தபோதுதான், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகையில் வண்டி உதறியது. கிளட்ச் தேய்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தது.

எந்தப் பழைய காரானாலும் டயரின் வயதையும் பார்க்க வேண்டும்; டயர் ஓரத்தில் ‘2319’ என்றிருந்தால் அது 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. சென்னை வண்டியானால் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, வெள்ளத்தின் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) பூஜ்ஜியமாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும், தெரிவிக்காத மாற்றங்களைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும் என்பதையும் இளைஞர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிளட்ச் மாற்றும் செலவை விலையில் கழிக்கக் கேட்டோம். விற்பவர் இசையவில்லை, நாங்களும் வாங்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்