கோரிக்கை மனு: காவல் நிலைய அறையில் துருவேறிக் கிடக்கும் .22 ரைபிளைக் காப்பாற்றவும், வாரிசு உரிமம் வழங்கவும் வேண்டி

அனுப்புநர்
காலஞ்சென்ற உரிமதாரரின் மகள்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை – 21.

பெறுநர்
உயர்திரு ஆயுத உரிமம் வழங்கும் அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: இலக்குச் சுடுதலுக்கான .22 ரைபிள் – உரிமதாரர் மறைவு – வாரிசுக்கு உரிமம் வழங்கவும், அதுவரை ரைபிள் கெடாமல் பராமரிக்க அனுமதிக்கவும் மீண்டும் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நேரிலும் பதிவுத் தபாலிலும் நான் முன்னர் அளித்த மனுக்கள். எதற்கும் பதில் வரப்பெறவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தந்தையார், அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் ஒன்றின் உறுப்பினர் என்ற முறையில், இலக்குச் சுடுதலுக்காக மட்டும் .22 (குழலின் உள்விட்டம் 0.22 அங்குலம்) ரைபிள் ஒன்றை முறையான உரிமத்துடன் வைத்திருந்தார். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கான நடத்தை விதிகள் மார்ச் 16 அன்று நடைமுறைக்கு வந்ததும், துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி வந்த உத்தரவை ஏற்று, அதைத் துடைத்து எண்ணெயிட்டுத் தாமே எடுத்துச் சென்று எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றார். ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடிந்தது. ஜூன் 4 வாக்கு எண்ணிக்கைக்கு முன்பே, மே மாதத்தில், அவர் காலமானார். தேர்தல் முடிந்ததும் மற்றவர்கள் தங்கள் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என் தந்தையாருடைய ரைபிள் இன்றும் அங்கேயே இருக்கிறது.

வாரிசு என்ற முறையில் உரிமத்தை என் பெயரில் வழங்கக் கோரி, காரியங்கள் முடிந்த கையோடு விண்ணப்பித்தேன். அது வழங்கப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை. எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் மறுபடியும் சமர்ப்பிக்கிறேன்.

1. நானும் அதே கிளப்பின் உறுப்பினர். வாரிசுச் சான்றிதழ், என் தம்பியும் தாயாரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த உறுதிமொழிகள், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், வீட்டில் பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழி ஆகிய அனைத்தையும் விண்ணப்பத்துடன் இணைத்துள்ளேன். என் மீது எந்த வழக்கும் இல்லை.

2. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13(3) பிரிவு, அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காக .22 ரைபிளுக்கு உரிமம் கேட்டால், தடையாக வேறு காரணம் ஏதும் இல்லாதவரை, உரிமம் வழங்க வேண்டும் என்றே சொல்கிறது. உரிமதாரர் இறந்தபின் அவருடைய வாரிசுக்கு உரிமம் வழங்கும் வழியை 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் தனியாகவே வகுத்திருக்கின்றன. காவல் நிலைய அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை கிடைத்தபின் முடிவெடுக்க 60 நாள் என்று காலமும் குறித்திருக்கின்றன. உரிய காலத்தில் அறிக்கை வராவிட்டால் அதற்காக மேலும் காத்திராமல் முடிவெடுக்கலாம் என்று சட்டமே தங்களுக்கு அதிகாரம் தருகிறது. காவல் நிலையத்தில் கேட்டால் அறிக்கை அனுப்பியாயிற்று என்கிறார்கள். உரிமப் பிரிவில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள். இவ்விரு விடைகளில் எது உண்மை என்று கண்டறியும் வசதி ஒரு விண்ணப்பதாரருக்குக் கிடையாது, தங்களுக்கு உண்டு.

3. இனி, எங்களை உண்மையில் வாட்டுவதைச் சொல்கிறேன். எங்கள் பகுதியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். காசிமேட்டிலிருந்து கல்மண்டபம் வழியாக எம்.சி. ரோடு வரை கடற்காற்றின் உப்பு படியாத இரும்பு ஒன்று கிடையாது. ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடித்தும் அடுத்த ஆண்டு அது பொரிந்து உதிர்கிறது. இந்தக் காற்றில்தான், தரைத்தளத்தில், வழக்குச் சொத்துகள் குவிந்துள்ள ஓர் அறையில், துணியில் சுற்றப்பட்ட நிலையில் அந்த ரைபிள் கிடக்கிறது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வடகிழக்குப் பருவமழையும் அந்த அறையின் மீது பெய்து ஓய்ந்துவிட்டது. பெருமழை நாளில் எங்கள் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதைத் தங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு படிந்திருப்பதை வாசலில் நின்றபடியே பார்த்தேன்.

துப்பாக்கிக்குத் துணிச்சுற்று பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஐயா, அது பாதுகாப்பு அன்று. துணி ஈரத்தை உறிஞ்சி, உலர விடாமல், எஃகின் மேலேயே வைத்திருக்கும். பூசிய எண்ணெய் சில மாதங்களில் வற்றிவிடும். அதன்பின் உப்பும் ஈரமும் நேராக இரும்பைத் தொடும். .22 ரைபிளின் குழலுக்குள் தோட்டாவைச் சுழற்றி அனுப்பும் வரிகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட ஆழமில்லாதவை. வெளியே பிடித்த துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். உள்ளே குழி விழுந்தால் எடுக்க வழியில்லை. ஐம்பது மீட்டர் தொலைவில் 10.4 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தைக் குறிபார்க்கும் கருவி, அதன்பின் எந்த வட்டத்தையும் நம்பிக் குறிபார்க்க முடியாத இரும்புக் குழாயாகிவிடும். ரைபிளின் வால்நட் மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் காய்ந்து, உப்பிக் காய்ந்து, குழல் அமரும் பள்ளம் கோணிவிடும். பிர்னோ என்ற நிறுவனப் பெயர் கொண்ட பழைய ரைபிள் அது, செக்கோஸ்லோவாகியாவில் செய்தது. அதற்கு ஈடாக வெளிநாட்டு ரைபிள் ஒன்று இன்று வாங்க வேண்டுமானால் லட்சங்கள் வேண்டும். எங்களைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது நடவாத காரியம்.

என் தந்தையார் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும், களைத்து வந்த நாளிலும், குழலின் பின்பக்கமாகத் துணித்துண்டு செலுத்தித் துடைத்து, கைவியர்வை பட்ட இடங்களையெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுத்த பிறகே சாப்பிட உட்காருவார். பிள்ளைகளாகிய எங்களுக்கு அவர் முதலில் கற்றுத் தந்தது சுடுவதை அன்று. துடைப்பதையும், குழலை எவர் பக்கமும் திருப்பாமல் பிடிப்பதையும்தான். அப்படிப் பேணப்பட்ட ஒன்று, அரசின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து அரசிடமே ஒப்படைக்கப்பட்ட காரணத்தால் அழிகிறது. உத்தரவை மதித்ததற்கு இதுவா பலன்?

ஒருமுறை எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்று, காவலர் ஒருவர் முன்னிலையில், போல்ட் (தோட்டாவைக் குழலில் பூட்டும் பகுதி) கழற்றிய நிலையில், அரைமணி நேரம் துடைத்துவிட்டுப் போகிறேன் என்று மன்றாடினேன். மேலிடத்து எழுத்து இல்லாமல் தொட விட முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அவர்களைக் குறை கூறவில்லை. அந்த எழுத்தைத்தான் தங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக அல்ல, துருவைத் துடைக்க அனுமதி கேட்டு ஒரு குடிமகள் எத்தனை மனு எழுத வேண்டும்?

4. உரிமப் பிரிவில் என் முகவரியைப் படித்த ஒருவர், "உங்க ஏரியாவுக்குத் துப்பாக்கி வேறயா?" என்று கேட்டார். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சொன்னவர் அதை மறந்திருப்பார், நான் மறக்கவில்லை. வடசென்னையில் பிறந்தவர் கையில் விளையாட்டுக் கருவி இருந்தாலும் அதை ஆயுதமாகவே பார்க்கும் பார்வையோடு நாங்கள் எல்லா அலுவலக வாசல்களிலும் நிற்கிறோம். குத்துச்சண்டையும் கேரமும் கால்பந்தும் எங்கள் தெருக்களிலிருந்து எழுந்து நாட்டுக்குப் பெயர் சேர்த்தவை. சுடுதலும் அவற்றைப் போன்ற ஒரு விளையாட்டுதான், மூச்சை அடக்கி அசையாமல் படுத்துக் கிடக்கும் விளையாட்டு. இது வேட்டையும் அன்று. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த காலத்திலிருந்து என் தந்தையாரைப் போன்றவர்கள் காகித இலக்கைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை. வாடகை வீடா, சொந்த வீடா என்றும் கேட்டார்கள். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14(2) பிரிவு சொல்லும்போது அந்தக் கேள்விக்கு என்ன தேவை?

5. இது என் ஒருத்தியின் ரைபிளைப் பற்றிய மனு மட்டும் அன்று. காற்றழுத்தத்தால் சுடும் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளுக்கு, அதன் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலின் அலகு) என்ற அளவைத் தாண்டாதவரை, உரிமம் தேவையில்லை. ஆகவே கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் பத்து மீட்டர் சுடுதலைக் கற்றுக்கொண்டு நன்றாகவே சுடுகிறார்கள். அடுத்த படி .22, அங்கே உரிமம் என்ற சுவர் நிற்கிறது. கிளப்பின் சில ரைபிள்களுக்கு வரிசையில் நின்று, ஒருவர் தோளுக்கு அமைத்ததை மற்றவர் மாற்றி, மாதத்துக்குச் சில மணி நேரம் சுட்டு எவரும் முன்னேற முடியாது. இருபது வயதைத் தாண்டியதும் பலர் நின்றுவிடுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் வந்தவை. அவற்றில் ஒன்று, ரயில்வே ஊழியரான ஸ்வப்னில் குசாலே .22 ரைபிளால் 50 மீட்டர் மூன்று நிலைப் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும்) பிரிவில் வென்ற வெண்கலம். 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது இதே சென்னையில். சுடக் கற்று வளர்ந்தது ஹைதராபாத்தில்.

பதக்கம் வாங்கக்கூடியவர் மட்டும் சுட்டால் போதும் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அதை நான் முழுமையாக மறுக்கிறேன். என் தந்தையார் ஒரு பதக்கமும் வென்றவரல்லர். அவரைப் போல ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, சந்தா கட்டி, தோட்டா வாங்கி, புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்துப் பிடி திருத்திக் கொடுத்த சாதாரண உறுப்பினர்களால்தான் கிளப்புகள் இத்தனை காலம் நடந்தன. அவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். அவர்களுடைய ரைபிள்கள் வாரிசுகளுக்கு வராமல் அறைகளில் மக்கினால், பொழுதுபோக்காகச் சுடுபவர் என்று இந்த ஊரில் எவரும் மிஞ்சமாட்டார். வீரரை மட்டும் தனியே விளைவிக்க எந்த மைதானத்தாலும் முடியாது.

6. உரிமம் தர முடியாது என்று தாங்கள் கருதினால், அதையாவது எழுத்தில் தாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 14(3) பிரிவு. அந்த ஆணை கையில் இருந்தால்தான் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய முடியும். ஆணையே இல்லாதபோது எதை எதிர்த்து, யாரிடம் போவது? மறுபுறம், ஒப்படைத்த ஆயுதத்தைக் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறாவிட்டால் அது அரசுக்குப் பறிமுதலாகலாம் என்று 21ஆம் பிரிவு எச்சரிக்கிறது. முடிவெடுக்கத் தாமதிப்பவர் ஒருவர், அந்தத் தாமதத்துக்காகப் பொருளை இழப்பவர் இன்னொருவர் என்றால் அது நியாயமா? கோப்பு மேசையில் இருக்கிறது என்றார்கள். மேசை மாறிவிட்டது என்றார்கள். அதிகாரி மாற்றலாகிவிட்டார், புதியவர் வரட்டும் என்றார்கள். புதியவரும் வந்துவிட்டார். ஐயா, கோப்பு காத்திருக்கலாம், இரும்பு காத்திருக்காது.

கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் அது அவமதிப்பு அன்று, ஆற்றாமை என்று கருதி, தங்களைப் பணிந்து வேண்டுவது இவ்வளவே:

அ) முதலாவதாகவும் மிக அவசரமாகவும், அந்த ரைபிளைக் காவலர் முன்னிலையில் துடைத்து எண்ணெயிட எனக்கோ, உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளர் ஒருவருக்கோ எழுத்து மூலம் அனுமதி வழங்க வேண்டும். அல்லது, சட்டம் இடம் தருகிறபடி, உரிமம் முடிவாகும் வரை அதை அத்தகைய விற்பனையாளரிடமே ஒப்படைத்து வைக்க உத்தரவிட வேண்டும். அதற்கான கட்டணத்தை நானே செலுத்துகிறேன்.

ஆ) என் விண்ணப்பத்தின் மீது ஆணை பிறப்பிக்க வேண்டும்.

இ) அதுவரை பறிமுதல் நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது என்று சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதேபோல் உரிமதாரர் மறைந்தபின் வாரிசுகளின் விண்ணப்பம் முடிவாகாமல் வடசென்னைக் காவல் நிலையங்களில் கிடக்கும் விளையாட்டுத் துப்பாக்கிகள் எத்தனை, எந்த நிலையில் உள்ளன என்று ஒருமுறை பார்வையிடச் செய்தால், எங்களைப் போன்ற மற்ற குடும்பங்களும் தங்களுக்கு நன்றியுடையவர்களாக இருப்போம்.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், குறைந்தபட்சம் முதல் கோரிக்கையையாவது நிறைவேற்றித் தருமாறு தங்களை மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் குறிப்பிடும் எந்த நாளிலும் அசல் ஆவணங்களுடன் நேரில் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)